ஆறாம் கூண்டுக்குப் போடாத குறுணை

அத்தைக்குக் கையே தராசு. ஒரு சுண்டெலியை வாலின் அடியில் பிடித்துத் தூக்கி உள்ளங்கையில் விட்டால் போதும், "இருபத்தொண்ணு" என்பாள். மின் தராசில் வைத்தால் இருபத்தொரு கிராம்தான் காட்டும். மிஞ்சிப்போனால் அரை கிராம் கூடும், குறையும். அதனால் அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தராசு அக்காதான்.

"தராசு அக்கா ஏன் கல்யாணம் பண்ணிக்கல, தெரியுமா?" என்று அங்கே கூண்டு கழுவுகிறவர், புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்பார். அவருக்கு சோப்பு என்று பட்டப்பெயர். "பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைய அக்கா ஒரு கையால தூக்கிப் பாத்துச்சு. எடை பத்தல, திருப்பி அனுப்பிடுச்சு."

"உன்னத் தூக்கிக்கூடப் பாக்க வேணாம். பாத்தாலே தெரியுது, உள்ள ஒண்ணும் இல்லன்னு," என்பாள் அத்தை.

அவள் என் அப்பாவின் தங்கை. வயது நாற்பத்து மூன்று. எங்களோடுதான் இருக்கிறாள். அந்த நிலையத்தின் அனிமல் ஹவுஸில், அதாவது ஆராய்ச்சிக்கான எலிகளை வளர்க்கும் கட்டடத்தில், பத்தொன்பது வருடங்களாக வேலை. காலை ஏழு மணிக்குப் போய்க் குளிப்பாள். வீட்டுத் துணியை அலமாரியில் வைத்துவிட்டு அங்கிருக்கும் அங்கி, தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே போவாள். ஜன்னல் இல்லாத அறைகள். எப்போதும் ஒரே அளவு வெப்பம், காற்றை மாற்றும் இயந்திரத்தின் ஒரே சத்தம். வரிசை வரிசையாகக் கூண்டுகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு அட்டை. தீவனம் போடுவது, தண்ணீர்க் குப்பி மாற்றுவது, எடை பார்த்து எழுதுவது, செத்ததை எடுத்து வைப்பது, இவைதான் அவள் வேலை.

சென்ற வருடம் அங்கே நடந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். பாதியை அத்தை சொன்னாள். மீதியை நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

அந்த நிலையத்தில் ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள். மூன்று வருடமாக ஒரே கேள்வியின் பின்னால் அலைந்துகொண்டிருந்தாள். குடலில் நோய்க்கிருமி நுழையும்போது அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் எதைத் தின்கின்றன? சோதனை தொடங்கும் முன், அந்த அறையில் வேலை செய்யப்போகிற நான்கு பேரையும் உட்கார வைத்து, பலகையில் படம் போட்டு விளக்கினாள்.

குடலின் உள்சுவர் மேல் வழவழப்பாக ஒரு சளிப்படலம் இருக்கிறது. அதுதான் காவல். நாம் தின்பதில் இருக்கும் நார் நமக்குச் செரிக்காது. ஆனால் பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு. தீவனத்தில் நார் இருக்கும்வரை அவை அதைத் தின்றுகொண்டு சும்மா இருக்கும்.

"நாரே இல்லாத தீவனத்தை நாற்பது நாள் கொடுத்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள். "அதுங்களுக்கும் பசிக்குமில்ல? வேற வழியில்லாம சுவர்ல இருக்கிற படலத்தைச் சுரண்டித் தின்ன ஆரம்பிக்கும். படலம் மெலிஞ்சு போகும். அப்ப வெளியிலேருந்து நோய்க்கிருமி வந்தா நேரா சுவர்ல ஒட்டிக்கும். குடல் வீங்கும். வீங்கின குடல்லேருந்து கசியறதையும் அந்தக் கிருமி தனக்குச் சாப்பாடா ஆக்கிக்கும்."

சுவரைச் சுரண்டித் தின்னும் என்றதும் அத்தை எழுந்து வெளியே போய்விட்டாள். முகம் கழுவிக்கொண்டு அவள் திரும்பியபோது பேச்சு முடிந்திருந்தது. "என்ன அக்கா, தலை சுத்துதா?" என்று சோப்பு கேட்டார். "உன் மூஞ்சியப் பாத்தா யாருக்குச் சுத்தாது," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அவள் வெளியே போன அந்தப் பத்து நிமிடத்தில் மாணவி இன்னொன்றையும் சொல்லியிருந்தாள். அத்தைக்கு அதைக் கேட்க வாய்க்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதனால்தான்.

எதற்காக எழுந்து போனாள் என்பதைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் அத்தைக்கும் ஒரு தம்பி இருந்தான். நான்கு வயதில் வயிற்றுப்போக்கு வந்து இறந்துபோனான். அப்போது அத்தைக்குப் பதினோரு வயது. வயிறு காய்ந்தால் நின்றுவிடும் என்று பெரியவர்கள் அவனுக்கு எதுவும் தரக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். சமையலறைக் கதவருகே அத்தையைக் காவல் வைத்தார்கள். அவன் முதல் நாள் அழுதான். இரண்டாம் நாள் அழவில்லை. படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். கதவருகே உட்கார்ந்திருந்த அத்தைக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் பகலில் நின்றுவிட்டது.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. கூண்டுக் கம்பியை எலி பிறாண்டும்போது சில நேரம் அத்தை சட்டென்று திரும்பிப் பார்ப்பாளாம். சோப்பு கவனித்திருக்கிறார். "யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பும்பா," என்று என்னிடம் சொன்னார்.

சோதனை தொடங்கியது. இருபது கூண்டுகள், கூண்டுக்கு மூன்று எலி. பத்துக் கூண்டுக்கு வழக்கமான தீவனம். மற்ற பத்துக்கு நார் நீக்கிய தீவனம், வெளுத்துப் போய் சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். வழக்கமாகக் கூண்டின் தரையில் குறுணை பரப்புவார்கள். மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் நடுத்தண்டைக் காய வைத்து உடைத்தது. எலிக்கு அதுதான் மெத்தை. இந்தச் சோதனையில் மட்டும் குறுணை கிடையாது. எல்லாக் கூண்டிலும் வெறும் கம்பி வலை. புழுக்கையைச் சேகரிக்க இப்படி வலை போடுவது உண்டு. இதுவும் அதற்குத்தான் என்று அத்தை நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் சில எலிகளின் பாதம் சிவந்துவிட்டது. நார் இல்லாத பக்கத்தில் ஐந்து கூண்டுகளில் மோசம்: மூன்று, ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது. வலை மேல் நிற்க முடியாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. அத்தை ஐந்து பழைய டப்பா மூடிகளைக் கழுவி நீராவிப் பெட்டியில் கிருமி நீக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி குறுணை போட்டு, கூண்டுக்கு ஒன்றாக மூலையில் வைத்தாள். எலிகள் மூன்றும் மூடிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டன. மாணவி வருவது பதினொரு மணிக்கு. பத்தரைக்கே அத்தை மூடிகளை எடுத்து அங்கிப் பையில் போட்டுக்கொள்வாள். மாணவி போனதும் திரும்ப வைப்பாள். வலையில் எதுவும் வைக்கக் கூடாதென்பது விதி என்று அத்தைக்குத் தெரியும். பாதத்துக்காக ஒரு மூடி, இதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தாள்.

மூடியில் குறுணை குறைந்துகொண்டே வந்தது. வலை இடுக்கில் விழுகிறது என்று எண்ணித் தினமும் ஒரு பிடி சேர்த்தாள்.

முப்பதாம் நாள், மூடிகள் அத்தையின் பையில் இருந்த நேரத்தில், விலங்கு மருத்துவர் சுற்றிப் பார்க்க வந்தார். ஆறாம் கூண்டின் அடித்தட்டில் இரண்டு குறுணை கிடந்ததைப் பார்த்துவிட்டார்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"கையுறையில ஒட்டி வந்திருக்கும் சார். பக்கத்து ரூம்ல போட்டுட்டு வந்தேன்."

"பத்தொன்பது வருஷம் ஆச்சு உங்களுக்கு. கையுறை மாத்தணும்னு நான் சொல்லணுமா?"

அத்தை பயந்துபோனாள். அன்றோடு ஆறாம் கூண்டுக்கு மூடி வைப்பதை நிறுத்திவிட்டாள். மருத்துவர் இனி அதைத்தான் உற்றுப் பார்ப்பார் என்று கணக்குப் போட்டாள். மற்ற நான்கு கூண்டுகளுக்கும் வைத்துக்கொண்டிருந்தாள். ஆறாம் கூண்டின் எலிகள் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் மூடி இருந்த மூலைக்கே போய், அந்த வலையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

நாற்பதாம் நாள் எல்லா எலிக்கும் வாய் வழியாக நோய்க்கிருமியைக் கொடுத்தார்கள். வழக்கமான தீவனம் தின்றவை கொஞ்சம் சோர்ந்து பிறகு தேறிவிட்டன. நார் இல்லாதவற்றுக்கு ஐந்தாம் நாளிலிருந்து எடை சரிந்தது. ஐந்தில் ஒரு பங்கு எடை போனால் அதற்கு மேல் வதைக்கக் கூடாது, மருத்துவர் கரியமிலவாயுப் பெட்டியில் வைத்து முடித்துவிடுவார். ஆறாம் கூண்டின் முதல் எலியை அத்தைதான் கையில் எடுத்தாள். "பதினாறு," என்றாள். நடுங்கிக்கொண்டிருந்தது, முதுகு வளைந்திருந்தது. மறுநாள் மற்ற இரண்டும் போயின. மூடியே வைக்காத ஐந்து கூண்டுகளும் அதே வாரத்தில் காலியாயின.

கடைசிவரை மூடி வைத்த நான்கு கூண்டுகளில் ஒரு எலிகூடச் சாகவில்லை.

மாணவிக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, அதே தீவனம், அதே கிருமி. ஆனா இந்தப் பன்னிரண்டு மட்டும் சமாளிச்சிருச்சு! இதுங்க குடல்ல ஏதோ ஒரு பாக்டீரியா காப்பாத்துது. எனக்கு நிச்சயமாத் தெரியும்."

அடுத்த திட்டம் தயாரானது. நாற்பத்தெட்டுப் புது எலிகள். பாதிக்கு இந்தப் பன்னிரண்டின் புழுக்கைக் கரைசலைக் கொடுப்பது. பிறகு நாற்பத்தெட்டுக்கும் நார் இல்லாத தீவனம், கடைசியில் கிருமி. எலிகள் வெள்ளிக்கிழமை வந்து இறங்கின. திங்கள் காலை தீவனம் மாற வேண்டும்.

வெள்ளிக்கிழமையே புதிய கூண்டுகளுக்கு வலை மாட்டும்போது அத்தை சும்மா கேட்பதுபோல் கேட்டாள். "ஏம்மா, புழுக்கைதான் எடுக்கலையே, இந்தத் தடவை எதுக்கு வலை?"

"அன்னிக்கே சொன்னேனேக்கா. ஓ, நீங்க வெளிய போயிட்டீங்கல்ல. குறுணைய எலி கொறிச்சுத் தின்னும். அதுலயும் நார் இருக்கு. அதைத் தின்னா நம்ம சோதனையே போச்சு. அதுக்குத்தான் வலை."

அத்தை கையில் இருந்த வலையை மாட்டி முடித்தாள். அடுத்ததையும் மாட்டினாள். எல்லாம் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் வலது உள்ளங்கையைத் தட்டுக்கு மேலே நீட்டியபடி அப்படியே இருந்தாள்.

"என்ன அண்ணி, இன்னும் பரிமாறலன்னு கைய நீட்டிட்டு இருக்கியா?" என்று அம்மா கேலி செய்தாள். அத்தைதான் அவளை அண்ணி என்று கூப்பிட வேண்டும். அம்மா கிண்டலுக்கு அதைத் திருப்பிப் போடுவாள்.

"பதினாறு கிராம் இருக்கு அண்ணி. எறங்க மாட்டேங்குது," என்றாள் அத்தை.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். மூடி, குறுணை, பாதம், நாற்பத்தெட்டு எலிகள்.

"சரி, யாருக்காவது தெரியுமா?" என்று அப்பா கேட்டார்.

"தெரியாது."

"அப்ப வாய மூடிட்டு இரு. எலிதானே. பத்தொன்பது வருஷ வேலை. சொன்னா நாளைக்கே வெளிய அனுப்பிடுவாங்க."

"சொல்லலேன்னா நாற்பத்தெட்டும் ஒண்ணுமில்லாததுக்குப் போகும் அண்ணா. இல்லாத பாக்டீரியாவத் தேடி அந்தப் பொண்ணு இன்னும் மூணு வருஷம் அலையும். காப்பாத்தினது குறுணை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்."

"நீ என்ன வேணும்னா செஞ்ச? பாவம் பாத்துப் போட்ட."

"நாலு கூண்டுக்குப் போட்டேன். ஆறாம் கூண்டுக்குப் போட்டுட்டு நிறுத்தினேன். என் பயத்துக்காக நிறுத்தினேன்." பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அன்னிக்கு அவன் சுவரைச் சுரண்டினது உனக்குக் கேட்டுச்சா?"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஞாபகம் இல்ல," என்றார். பிறகு எழுந்து கை கழுவப் போய்விட்டார். தட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

தீவனம் மாறும் நாள் என்பதால் திங்கள் காலை ஏழு மணிக்கே வந்துவிட்ட மாணவியின் மேசைக்கு முன்னால் அத்தை போய் நின்றாள். அங்கி மாற்றவில்லை. ஐந்து மூடிகளையும் மேசை மேல் வைத்தாள்.

மாணவி முதலில் புரியாமல் சிரித்தாள். அத்தை சொல்லச் சொல்லச் சிரிப்பு போனது. கடைசியில் எழுந்து நின்றாள்.

"எந்தெந்தக் கூண்டு?"

"மூணு, அஞ்சு, எட்டு, ஒன்பது."

"மூடி அஞ்சு இருக்கே."

"ஆறு," என்றாள் அத்தை. "முப்பதாம் நாளோட எடுத்துட்டேன். டாக்டர் பாத்துட்டாருன்னு."

மாணவி நோட்டைத் திறந்து ஆறாம் கூண்டின் பக்கத்தைப் பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "மூணு வருஷம்கா," என்றாள். "நேத்து எங்க பேராசிரியருக்கு முழுசா எழுதி அனுப்பிட்டேன். புது பாக்டீரியான்னு எழுதியிருக்கேன். நீங்க ஏன் ஒரு வார்த்தை கேக்கல? ஒரே ஒரு வார்த்தை!"

அத்தைக்குக் கேட்க வேறொன்று இருந்தது. பலமுறை யோசித்துத்தான் கேட்டாள். "ஏம்மா, வயித்துப்போக்கு வந்த குழந்தைக்குச் சாப்பாடு போடாம வச்சா, உள்ள இப்படித்தான் சுவரைத் தின்னுமா?"

கோபத்தில் இருந்தவள் அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். "அது வேறக்கா. குழந்தைங்க பெரும்பாலும் உடம்புல தண்ணியும் உப்பும் போயித்தான் இறப்பாங்க. இது நாற்பது நாள் தீவனம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க. யாரு குழந்தை?"

"தண்ணி குடுத்திருந்தா பொழைச்சிருக்குமா?"

"உப்பும் சர்க்கரையும் கலந்து விடாம குடுத்திருந்தா... நிறைய பேரு பொழைப்பாங்க."

அன்று சமையலறைக் கதவைத்தான் அடைத்து வைத்திருந்தார்கள், தண்ணீர்ப் பானை வெளியே அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்று அத்தை என்னிடம் பிறகு சொன்னாள். அதை அவள் அந்த மாணவியிடம் சொல்லவில்லை.

விசாரணை நடந்தது. மருத்துவர், பேராசிரியர், நிர்வாக அதிகாரி மூவரும் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். வேலை போகவில்லை. பணிப் பதிவேட்டில் கண்டனம் எழுதினார்கள். "தானா வந்து சொன்னதால இதோட விடறோம்," என்றார் மருத்துவர்.

நாற்பத்தெட்டு எலிகளின் திட்டம் மாறியது. பாக்டீரியா தேடல் நின்றது. அதற்குப் பதில் எல்லாவற்றுக்கும் நார் இல்லாத தீவனம், அதில் இருபத்துநான்குக்கு மட்டும் தினமும் அளந்து குறுணை. மற்ற இருபத்துநான்குக்கு இல்லை. எந்தக் கூண்டுக்குக் குறுணை என்பதைக் கணினியே குலுக்கிப் போட்டுத் தந்தது.

அத்தை அந்தப் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவள் சொன்னதால் பாதி பிழைக்கும். மீதிப் பாதி சாவதற்கும் அவள் சொன்னதே காரணம் என்பதுபோல் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. "நான் நாற்பத்தெட்டையும் நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன்டா," என்றாள் என்னிடம்.

மாணவி கொஞ்சம் இறங்கி வந்திருந்தாள். "நீங்க எப்படிப் போட்டீங்களோ அதே மாதிரி போடணும்கா. உங்க கையளவுதான் வேணும். குறுணை போடற பக்கத்தை மட்டும் நீங்க பாத்துக்கோங்க. போடாத பக்கத்தை சோப்பு அண்ணன் பாத்துக்கட்டும்."

சோப்பும் அதையே சொன்னார். "நல்ல பக்கம் கெடைக்குதுல்ல, வாய மூடிட்டு வாங்கிக்கயேன். எனக்கு எலி செத்தா ஒண்ணும் ஆகாது. மத்தியானம் நல்லா சாப்பிடுவேன்."

"நீ கல்யாண வீட்டுலயும் சாப்பிடுவ, எழவு வீட்டுலயும் சாப்பிடுவ," என்றாள் அத்தை. பிறகு மாணவியிடம், "ரெண்டு பக்கத்தையும் நானே பாக்கறேன்மா," என்றாள்.

"முடியுமாக்கா?"

"முடியாது. ஆனா நான்தான் பாக்கணும்."

நாற்பது நாளும், அதற்கப்புறம் கிருமி கொடுத்த பன்னிரண்டு நாளும் அவள் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. காலையில் முதலில் குறுணை இல்லாத பக்கத்துக்குத்தான் போவாள். வலையில் சிவந்த பாதங்களைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எடை சொல்லி, திரும்ப விடுவாள். தராசில் வைக்கும் முன்னால் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிக நேரம் உள்ளங்கையிலேயே வைத்திருப்பாள் என்று சோப்பு சொன்னார். அதற்கு விதியில் தடை இல்லை. அங்கிப் பையில் எதுவும் இல்லை என்பதைக் காட்டுவதுபோல் பையை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டுதான் அந்தப் பக்கம் போவாளாம்.